ரத்தம் போகிறவருக்கு ரத்தம் உறையுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 36. சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறோம். கையுறை ஃபேக்டரியில் வேலை. ஆறு வருடமாகப் பெருங்குடலில் புண், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் மறுபடியும் கிளம்பி ஒரு நாளைக்கு எட்டுத் தடவைக்கு மேல் ரத்தமும் சளியுமாகப் போனது, வார்டில் சேர்த்தார்கள். அங்கே தினமும் வயிற்றில் ஓர் ஊசி போட்டார்கள். என்ன ஊசி என்று கேட்டதற்கு ரத்தம் கட்டாமல் இருக்க என்றார்கள். அத்தை பயந்துவிட்டார், "ஏற்கெனவே ரத்தம் ஊத்துது, இதுல ரத்தத்தைத் தண்ணியாக்குற ஊசியா" என்று. மூன்றாவது நாளிலிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பிளேட்லெட் 580 இருக்கிறது, கூடுதல் என்றும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் வழக்கமான குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இடது கெண்டைக்கால் இறுக்கமாக, கொஞ்சம் வீங்கினாற்போல் இருக்கிறது. நரம்பு பிசகியிருக்கும், உருவிவிட்டால் சரியாகும் என்று பக்கத்து வீட்டு அக்கா ஓர் ஆளைச் சொல்லியிருக்கிறார். போகலாமா? ரத்தம் போகிற எனக்கு ரத்தம் எப்படி உறையும்? அடுத்த மாதம் சென்னைக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம், போகலாமா?

பதில்:

தங்கச்சி, முதலில் அந்தக் கால். மற்றக் கேள்விகளுக்குக் கீழே எழுதியிருக்கிறேன், ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் நேரத்தில் படித்துக்கொள்ளலாம். உருவிவிட யாரிடமும் போகாதீர்கள். கோடாலித் தைலம் போட்டு நீங்களே அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம். இன்றைக்கே, நாளைக்கு லீவு போட்டுக்கொண்டு இல்லை, இன்றைக்கே, அவசரப் பிரிவுக்குப் போங்கள். கெண்டைக்கால் ஆழத்து ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தால், அழுத்தி உருவும்போது அதில் ஒரு துண்டு பிய்ந்து, ரத்தத்தோடு மேலே ஏறி, இதயம் வழியாக நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளலாம். அது உயிரை எடுக்கக்கூடியது. சுளுக்கு எடுப்பவர் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது, நிஜமான சுளுக்கை அவர் நன்றாகவே எடுக்கலாம், ஆனால் உங்கள் உடம்பு இப்போது இருக்கும் நிலையில் ஒரு பக்கக் கால் வீக்கத்தைச் சுளுக்கு என்று தொட்டுப் பார்த்து யாராலும் சொல்லிவிட முடியாது, என்னாலும் முடியாது, ஸ்கேன் வேண்டும்.

கவுண்டரில் "கால் வலி" என்று மட்டும் சொன்னால் வரிசையில் கடைசியில் உட்கார வைத்துவிடுவார்கள். எனவே இப்படிச் சொல்லுங்கள்: எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், இரண்டு வாரத்துக்கு முன்னால் வார்டில் இருந்தேன், பிரெட்னிசோலோனும் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது. இந்த நாலு விஷயத்தையும் சேர்த்துக் கேட்கிற எந்த மருத்துவரும் உங்களைச் சும்மா திருப்பி அனுப்ப மாட்டார். காலுக்குச் செய்வது டாப்ளர் ஸ்கேன், வயிற்றில் பிள்ளையைப் பார்க்கிற அதே மாதிரிக் கருவிதான், வலிக்காது. சின்ன ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஸ்கேன் கிடைக்காமல் ஈப்போவுக்கு அனுப்பவேண்டி வந்தால், சந்தேகம் பலமாக இருக்கும்போது ஸ்கேனுக்கு முன்பே ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைத் தொடங்கிவிடுவது வழக்கம். அதற்குத் தயங்காதீர்கள்.

கிளம்பும் முன் இரண்டு நிமிடம் இருந்தால் ஒன்று செய்யலாம். ரவிக்கைக்கு அளவெடுக்கிற டேப் வீட்டில் இருக்கும். முழங்கால் சில்லுக்குக் கீழே முன்பக்கம் ஓர் எலும்பு மேடு தட்டுப்படும், அங்கிருந்து 10 செ.மீ. கீழே பேனாவால் ஒரு கோடு போட்டு, அந்த இடத்தில் இரண்டு கால்களின் சுற்றளவையும் எடுங்கள். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் இருந்தால் மருத்துவர்கள் அதை ஒரு முக்கியமான அடையாளமாக எடுத்துக்கொள்வார்கள். அதற்குக் குறைவாக இருந்தாலும் நீங்கள் போகத்தான் வேண்டும், அளவு குறைவாக இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. இரண்டு காலும் சமமாக வீங்கியிருந்தால் விஷயம் வேறாக இருக்கலாம், குடல் வழியாகப் புரதம் கழிவதாலும் பிரெட்னிசோலோன் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்குவதாலும் அப்படி வீங்குவதுண்டு. ஒரு கால் மட்டும் என்பதுதான் எனக்குக் கவலை.

வழியிலோ வீட்டிலோ திடீரென்று மூச்சு வாங்கினால், மூச்சை இழுத்தால் நெஞ்சில் ஒரு பக்கம் குத்தினால், இருமலில் ரத்தம் வந்தால், படபடவென்று நெஞ்சு அடித்து மயக்கம் வந்தால், 999-ஐ அழையுங்கள். யாருடைய மோட்டார் சைக்கிள் பின்னாலும் ஏறி உட்காராதீர்கள்.

சரி, இப்போது நீங்கள் கேட்ட பெரிய கேள்வி. ரத்தம் போகிற உடம்பில் ரத்தம் எப்படி உறையும்? நியாயமான கேள்வி, உங்கள் அத்தை கேட்டதும் நியாயம்தான். குடல் புண் ஒரு வயிற்று நோய் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் அந்த அழற்சி குடலோடு நிற்பதில்லை. குடலில் தீ பற்றியதும் அங்கிருந்து கிளம்புகிற ரசாயனச் செய்திகள் ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகின்றன, கல்லீரல் உடனே ஃபைப்ரினோஜென் போன்ற உறைய வைக்கும் புரதங்களை அதிகமாகச் செய்யத் தொடங்குகிறது. எலும்பு மஜ்ஜை, ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட்டுகளைக் கூட்டுகிறது. நம் ஊரில் பிளேட்லெட் என்றாலே டெங்கிதான் நினைவுக்கு வரும், இறங்கினால்தான் ஆபத்து என்று பழகிவிட்டோம், ஏறியிருக்கிறது என்று சொன்னால் நல்லதுதானே என்று தோன்றும். சாதாரண அளவு 150-லிருந்து 400 வரை. உங்களுடைய 580, குடல் இன்னும் அடங்கவில்லை என்பதற்கு ஓர் அடையாளம், ரத்தம் போய் இரும்புச்சத்து குறைந்தாலும் அப்படி ஏறும். எண்ணிக்கை மட்டுமல்ல, அழற்சி நேரத்தில் அந்தப் பிளேட்லெட்டுகள் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் தன்மையோடும் இருக்கின்றன.

ஆக, குடலின் உட்தோலில் புண் இருக்கிறது, அந்த இடத்தில் ரத்தம் கசிகிறது. அதே நேரம், புண்ணே இல்லாத கெண்டைக்கால் குழாய்க்குள் ஓடுகிற ரத்தம் உறையத் தயாராக இருக்கிறது. இரண்டும் ஒரே உடம்பில், ஒரே நாளில் நடக்கும். கீழே போகிற ரத்தத்தைப் பார்த்து, நம் ரத்தம் தண்ணியாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

இது புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பார்கன், பார்க்கர் என்ற இரண்டு மருத்துவர்கள் 1936-லேயே இதை எழுதிவைத்தார்கள். அதற்கும் முன்னால், 1856-ல், ஜெர்மனியின் ருடால்ஃப் ஃபிர்ஹோ என்பவரின் பெயரில் இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கிற மூன்று காரணங்கள் உண்டு: ரத்தம் தேங்குவது, குழாய்ச் சுவர் பாதிக்கப்படுவது, ரத்தத்தின் தன்மையே மாறுவது. குடல் நோய் கிளம்பிப் படுத்திருக்கிற ஒருவருக்கு இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. எல்லா ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்த நோய் உள்ளவர்களுக்கு ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. நோய் கிளம்பியிருக்கும் நேரத்தை மட்டும் எடுத்தால் அது எட்டு மடங்கு வரை போகிறது என்று 2010-ல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு சொன்னது, 13,000 நோயாளிகளுக்கு மேல் வைத்துப் பார்த்த ஆய்வு அது. மடங்குக் கணக்கைப் பார்த்துப் பதறவேண்டாம், சாதாரண ஆட்களுக்கு இது அபூர்வம் என்பதால் எட்டு மடங்கு ஆனாலும் இந்த நோய் உள்ள பெரும்பாலானவர்களுக்குக் கட்டி வருவதே இல்லை. ஆனால் வார்டில் சேர்க்கும் அளவுக்கு முற்றியவர்களுக்கும் வீட்டுக்கு வந்த பிறகான வாரங்களிலும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. நம்மவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்கவேண்டும், ஏனென்றால் இந்த நோய் மலேசியாவில் மலாய்க்காரர், சீனரைவிட இந்தியர்களிடம்தான் விகிதப்படி அதிகம் என்று பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் எடுத்த கணக்கே காட்டியிருக்கிறது.

வார்டில் போட்ட ஊசிக்கு வருகிறேன். அது பெரும்பாலும் ஈனோக்ஸபாரின் ஆக இருந்திருக்கும், முன்கூட்டியே நிரப்பி வரும் சின்னச் சிரிஞ்சு, தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளித் தோலைக் கிள்ளிப் பிடித்துப் போடுவார்கள், தடுப்புக்கு வழக்கமாக நாளுக்கு 40 மில்லிகிராம். போட்ட இடத்தில் தேய்த்தால் நீலம் பூத்துவிடும், அதைப் பார்த்துத்தான் பல பேருக்குப் பாதி பயம். உங்கள் அத்தைக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அவர் காலத்தில் பால்மரம் வெட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். வாளியில் எடுத்த பால் ஃபேக்டரி போய்ச் சேரும் முன் கட்டிவிடக் கூடாது என்று அமோனியா ஊற்றுவார்கள் இல்லையா, அதற்காகப் பால் தண்ணியாகிவிடுவதில்லை, கட்டாமல் இருக்கிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே கப்பில் கட்டிப்போன ஒட்டுப்பாலை அமோனியா கரைக்கவும் செய்யாது. இந்த ஊசியும் அப்படித்தான், புதிதாகக் கட்டாமல் தடுக்கிறது, கட்டிப்போனது மேலும் வளராமல் பார்த்துக்கொள்கிறது, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும் வேலையை உடம்பு செய்துகொள்கிறது.

குடலில் ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போதே இதைப் போடலாமா என்றால், போடலாம், போடவேண்டும். ஐரோப்பா, பிரிட்டன், கனடா குடல் மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டுதல்கள் எல்லாம் வார்டில் சேர்க்கப்படும் கொலைட்டிஸ் நோயாளிக்கு இந்தத் தடுப்பைச் சிபாரிசு செய்கின்றன, வழக்கமான ரத்தப்போக்கு அதற்குத் தடை இல்லை. ரத்த அழுத்தம் விழும் அளவுக்குக் கடுமையாகக் கொட்டினால் மட்டும் ஊசியை நிறுத்திவிட்டு, காலில் காற்று அடைத்து அழுத்தும் உறையை மாட்டிவிடுவார்கள். உங்களுக்கு அந்த நிலை இருந்திருந்தால் அவர்களே நிறுத்தியிருப்பார்கள். வேண்டாம் என்று சொன்னதற்காக உங்களையோ அத்தையையோ நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு அடுத்தக் கட்டிலுக்குப் போய்விட்டால், பயப்படுகிற குடும்பம் வேறு என்ன முடிவு எடுக்கும்? உட்கார்ந்து ஐந்து நிமிடம் விளக்கியிருக்கவேண்டியது எங்கள் ஆட்களின் வேலை, அது நடக்காதபோது எனக்குக் கோபமாகத்தான் வருகிறது. ஆனால் இனி ஒரு தடவை வார்டில் சேரவேண்டி வந்தால், ஊசி போடவில்லை என்றால் ஏன் போடவில்லை என்று நீங்களே கேளுங்கள். இந்த ஊசி மருந்தைப் பன்றிக் குடலின் உட்தோலிலிருந்து எடுக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது கூடாது என்று இருப்பவர்களுக்கு ஃபோண்டபாரினக்ஸ் என்று முழுக்க ரசாயன முறையில் செய்த ஊசி இருக்கிறது, முஸ்லிம் நோயாளிகள் பலர் அதைக் கேட்டு வாங்குகிறார்கள், நீங்களும் கேட்கலாம்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிற குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரைதான் என்னை நிறுத்தியது. அதில் இஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்திருந்தால், பெரும்பாலான மாத்திரைகளில் கலந்துதான் இருக்கும், அதுவே தனியாகக் கட்டி வரும் வாய்ப்பைக் கூட்டும். அழற்சி, பிரெட்னிசோலோன், படுக்கை, இந்த மாத்திரை என்று நாலும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன உங்களிடம். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போய் இன்று பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். அதை நிறுத்தச் சொன்னால், மாற்று என்ன என்று கேட்காமல் வராதீர்கள், காப்பர் வளையம், கையில் வைக்கும் இம்ப்ளாண்ட் என்று இஸ்ட்ரோஜன் இல்லாத வழிகள் இருக்கின்றன. குடல் கிளம்பியிருக்கும் நேரத்தில் கர்ப்பம் தரித்தால் அதுவும் உங்களுக்குச் சிரமம், கர்ப்பமே ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுகிற ஒன்று.

பிரெட்னிசோலோனை மட்டும் பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதுவும் கட்டி வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும் என்பது உண்மை, ஆனால் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, எழுதிக் கொடுத்த அட்டவணைப்படி குறைத்துக்கொண்டே வாருங்கள். குறைக்கும்போதெல்லாம் மறுபடி ரத்தம் வருகிறது என்றால் அதைச் சகித்துக்கொண்டு ஆறு மாதம் ஸ்டீராய்டிலேயே ஓட்டக் கூடாது, நிபுணரிடம் போய் வேறு மருந்து கேட்கவேண்டும், அசாதயோப்ரின், இன்ஃப்ளிக்ஸிமாப் என்று வழிகள் இருக்கின்றன. டோஃபாசிடினிப் என்ற மாத்திரையைப் பற்றி யாராவது பேசினால், காலில் கட்டி வந்ததா இல்லையா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், அந்த மருந்துக்கே கட்டி பற்றிய எச்சரிக்கை 2019-லிருந்து உண்டு. இன்னொன்று, உங்கள் குடல் ஏன் மறுபடி கிளம்பியது? குடலை அடக்கி வைக்கத் தினமும் சாப்பிடுகிற மெசலசின் மாத்திரையை "நல்லாத்தானே இருக்கு" என்று சில மாதம் விட்டிருந்தீர்களா? நீங்கள் எழுதவில்லை, நான் கேட்காமலும் இருக்க முடியவில்லை, ஏனென்றால் கிளினிக்கில் திரும்பத் திரும்பக் கேட்கிற கதை அது. ரத்தம் உறைவதைத் தடுக்க நீண்ட காலத்துக்கு இருக்கிற மிக நல்ல வழி, குடலை அடக்கி வைத்திருப்பதுதான். அழற்சி அடங்கினால் பிளேட்லெட்டும் இறங்கும், கல்லீரலும் ஓய்ந்துவிடும்.

காலுக்கு வலி மாத்திரை வேண்டுமானால் பனடோல் போதும். பொன்ஸ்டன், வோல்ட்டரன் வகைகளைத் தொடாதீர்கள், குடல் புண்ணைக் கிளப்பிவிடும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தொடங்கினால் ரத்தப்போக்கையும் கூட்டும். பாக்கெட்டில் விற்கிற ஜாமு, மூட்டு வலிப் பொடி இவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததாகச் சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவு பலமுறை எச்சரித்திருக்கிறது, அதனால் அதுவும் வேண்டாம்.

ஃபேக்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. வேலையில் லைனை விட்டு எழுந்து போகச் சூப்பர்வைசரிடம் கேட்க வெட்கப்பட்டு, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வயிற்றுப்போக்கில் ஏற்கெனவே நீர் போய்க்கொண்டிருக்கும்போது அப்படி இருந்தால் ரத்தம் இறுகிப்போகும், எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தும் விட்டால் கேட்கவே வேண்டாம். வேலைக்குத் திரும்பும்போது கழிவறைக்குப் போக அனுமதி வேண்டும் என்று மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி எச்.ஆரிடம் கொடுத்துவிடுங்கள், நோயின் பெயரைச் சூப்பர்வைசருக்குச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. போக்கு இருக்கிற நாட்களில் வெறும் தண்ணீரைவிட ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கரைத்துக் குடிப்பது நல்லது.

ஸ்கேனில் கட்டி இருக்கிறது என்று வந்தால் குறைந்தது மூன்று மாதம் மருந்து இருக்கும், குடல் கிளம்பிய நிலையிலேயே இருந்தால் இன்னும் நீளலாம். ரிவரோக்ஸபன் கொடுத்தால் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள், வெறும் வயிற்றில் அது சரியாகச் சேராது. வார்ஃபரின் கொடுத்தால் ரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் போகவேண்டும், முருங்கைக்கீரை போன்ற கீரைகளை ஒரு வாரம் நிறைய, ஒரு வாரம் ஒன்றுமில்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடக் கூடாது, எப்போதும் போல ஒரே அளவில் வைத்துக்கொள்ளலாம். வேறு எந்தக் கிளினிக்கில் ஆண்டிபயாடிக் எழுதினாலும் வார்ஃபரின் சாப்பிடுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுங்கள், மெட்ரோனிடசோல் மாதிரிச் சிலது அதன் வேகத்தை ஏற்றிவிடும். எந்த மருந்தானாலும் ரத்தம் முன்பைவிட அதிகமாக, கட்டி கட்டியாகப் போனாலோ மலம் தார் போலக் கறுத்தாலோ தலை சுற்றினாலோ உடனே திரும்பிப் போங்கள். கட்டி இல்லை என்று வந்தாலும், வீக்கம் கூடினால் ஒரு வாரத்தில் மறுபடி ஸ்கேன் கேட்கலாம், கெண்டைக்காலில் சின்னதாகத் தொடங்குவது முதல் ஸ்கேனில் தப்பிவிடுவது உண்டு.

சென்னைப் பயணம். விமானத்தில் நாலு மணி நேரம், அதற்கு முன் சுங்கை சிப்புட்டிலிருந்து கே.எல்.ஐ.ஏ.வுக்கு பஸ்ஸில் உட்கார்ந்து போகிற நேரம் வேறு. காலில் கட்டி உறுதியானால் மருந்து தொடங்கிய முதல் சில வாரங்கள் பறக்கவேண்டாம், பார்க்கிற மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு போங்கள். கட்டி இல்லாவிட்டாலும், இன்னும் ஸ்டீராய்டில் இருந்து, நாளைக்கு நாலைந்து தடவை போய்க்கொண்டிருந்தால் நான் தள்ளிப்போடத்தான் சொல்வேன். குடல் அடங்கிய பிறகு போகும்போது ஓரத்து இருக்கை கேட்டு வாங்கி, மணிக்கு ஒரு தடவை எழுந்து நடந்து, தண்ணீர் குடித்துக்கொண்டு போனால் பயம் இல்லை. டிக்கெட் தேதியை மாற்ற வசதி இருக்கிறதா என்று வீட்டில் யாரையாவது இன்றைக்கே விசாரிக்கச் சொல்லுங்கள், நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.